பழைய காரின் ஜாதகம் காரிலேயே எழுதியிருக்கிறது, தெரியுமா?

பழைய கார் வியாபாரத்தைப் பற்றி 13 பக்கம் எழுதி ஒருவர் நோபல் பரிசு வரை போயிருக்கிறார், தெரியுமா? அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப்! 1970-ல் அச்சான அந்தக் கட்டுரையை அதற்கு முன்னால் மூன்று ஆய்விதழ்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தன. 2001-ல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது. அவர் சொன்ன விஷயம் எந்த கார் புரோக்கருக்கும் புரியும். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாத பயத்தில் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் விலையை அடித்துக் கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் கொடுக்க மாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான்!

அந்தக் கட்டுரையில் நம் நாட்டுப் பெண்களும் வருகிறார்கள் என்பது இன்னும் பெரிய ஆச்சரியம். அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் இருக்கும் கல்லை வேண்டுமென்றே கலந்து விற்பதால், இந்தியக் குடும்பத் தலைவிகள் உட்கார்ந்து கல் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று அகர்லாஃப் எழுதியிருக்கிறார். முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிய குடும்பங்களிலிருந்து வந்த நாம், லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் காரை மட்டும் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறோமே! அதில் பொறுக்க வேண்டியது என்னென்ன என்று தெரிந்தால் அசந்துபோவீர்கள்.

டயரிலிருந்து தொடங்கலாம். பக்கவாட்டில் ‘டாட்’ என்று ஆரம்பிக்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு எண்கள் டயர் பிறந்த வாரமும் வருடமும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். "முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் சார் ஓடியிருக்கு, 2017 மாடல்" என்கிறார் விற்பவர். நான்கு டயரும் 2023-ல் தயாரானவை என்றால், முதல் செட் டயர் எங்கே போனது? முப்பதாயிரத்தில் நான்கும் தேய்ந்துவிட்டனவா? கேளுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். பல வண்டிகளில் கம்பெனியிலிருந்து வந்த டயர் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜன்னல் கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கிறதே, அதை என்றாவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி தயாரான வருடத்தை அங்கே குறியீடாகப் பதித்திருப்பார்கள். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே கம்பெனி முத்திரை, ஒரே வருடம் இருந்தால் நல்லது. ஒரே ஒரு கதவில் மட்டும் வேறு முத்திரை இருந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது. சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டிலும் பெரும்பாலும் தயாரிப்புத் தேதி இருக்கும். காரின் வயதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேசிஸ் நம்பரில் 17 எழுத்துகள் உண்டு. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இந்த 17-ல் எங்கும் வராது! ஒன்றோடும் சைபரோடும் குழம்பிவிடக் கூடாதே என்று விலக்கிவிட்டார்கள். எம்.ஏ.3 என்று தொடங்கினால் மாருதி, எம்.ஏ.டி. என்றால் டாடா, எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய். ஆர்.சி.யில் இருக்கும் நம்பரும் பாடியில் பதித்த நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பதித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ ராவிய தடமோ தெரிந்தால் அந்த வண்டிப் பக்கமே போகாதீர்கள்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கதவைத் திறந்து, சட்டத்தைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர் பீடிங்கை விற்பவரின் அனுமதியோடு ஒரு சாண் தூரத்துக்கு மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே தகட்டின் விளிம்பில் வட்ட வட்டமாகச் சின்னப் பள்ளங்கள் வரிசையாக ஓடும். தொழிற்சாலையில் போட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் அவை. இடைவெளி ஒரே சீராக, ஓரம் சுத்தமாக, மேலே கம்பெனி பெயிண்ட்டோடு இருக்கும். பட்டறையில் வெட்டி ஒட்டிய கதவுத் தூணில் அந்தச் சீர் இருக்காது. புள்ளிகள் கோணலாகவோ, பட்டி பூசி மறைந்தோ, ஒரேயடியாகக் காணாமலோ போயிருக்கும். டிங்கரிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். அப்படியே பானெட்டைத் தூக்கி, அதன் கீல்களில் இருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பானர் பட்ட போல்ட்டின் முனைகளில் பெயிண்ட் உரிந்திருக்கும். பெரும்பாலும் பானெட்டைக் கழற்றியதன் தழும்பு அது!

கம்பெனி பெயிண்ட்டின் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். பட்டி பூசிய இடம் அதைப்போலப் பல மடங்கு தடித்திருக்கும், அதனால் காந்தம் சரியாகப் பிடிக்காது. மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தம் போதும். பம்பரில் வைத்துப் பார்க்காதீர்கள், அது பிளாஸ்டிக்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. இரண்டு முறையும் தெருத்தெருவாகக் கார்கள் தண்ணீரில் மிதந்ததைப் பார்த்தோம். ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வண்டியை முழு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி முடித்துவிடும். ஆனால் வண்டி மறைந்துவிடுவதில்லை. ஏலத்தில் எடுத்து, கழுவி, சீட் உறை மாற்றி மறுபடி விற்பவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு! சீட் பெல்ட்டை கடைசி வரை வெளியே இழுங்கள். எப்போதும் உருளைக்குள் சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி அடியைக் கழுவ யாருக்கும் தோன்றாது. சேற்று நீர் ஏறிய கோடு அங்கே அப்படியே நிற்கும். சீட்டை முன்னால் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்து போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கூரையின் கீழே பத்திரமாக இருக்கும் இரும்பு காரணமில்லாமல் துருப்பிடிக்காது. தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள், ஸ்டெப்னிக் குழியில் வண்டல் தேடுங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கும் வண்டி என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

மீட்டரைக் குறைத்துவிட்டார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. வண்டி நம்பரைச் சொன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டரில் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று வரிசையாகக் கிடக்கும். உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள், வர மறுத்தால் அதுவே பதில். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் இருபதாயிரம் காட்டுகிறதென்றால் பெடலை நம்புங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும், தெரியுமா? எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், குறையை மறைக்க விளக்கையே பிடுங்கியிருக்கலாம்! சமீப கால கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கிறது. விற்கும் முன் எச்சரிக்கைகளை அழித்திருந்தால், வண்டி தன்னைத்தானே பரிசோதிக்கும் பட்டியல் இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டிக்கொடுக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படி வரும் என்பதால் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியைப் பார்க்கப் போனதுமே பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் எஞ்சினை ஓட்டித் தயார்செய்திருக்கிறார்கள். இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பி நீலப் புகை விட்டால் ஆயில் எரிகிறது.

பேப்பரிலேயே விபத்தைப் படிக்கலாம் என்றால் நம்புவீர்களா? இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் என்ற கட்டத்தைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே உரிமையாளர் ஆறு வருடமாக ஓட்டிய வண்டியில் 50 இருந்தால் மனம் நிம்மதியாகும். பூஜ்யம் இருந்தால், போன வருடம் என்ன கிளெய்ம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் பூஜ்யம் ஆகும், ஆனால் அதையும் அவர்தான் விளக்க வேண்டும். இந்த போனஸ் காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். கை மாறும்போது உங்களுக்கு வராது.

எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வந்துவிடும். கடன் காட்டினால், பேங்க்கின் என்.ஓ.சி.யும் 35-ம் படிவமும் கைக்கு வராமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். டெல்லி வண்டி மலிவு என்று ஆசை வருகிறதா? அங்கே 10 வருட டீசலுக்கும் 15 வருட பெட்ரோலுக்கும் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததுதான் அந்த மலிவுக்குப் பெரிய காரணமாக இருந்தது. இங்கே கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், சாலை வரியும் கட்ட வேண்டும். அதைக் கூட்டிவிட்டு விலை பேசுங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. பணம் கைக்கு வந்ததும் கார் உங்களுடையது இல்லை என்று நினைக்கிறீர்களா? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நடுவில் எத்தனை கை மாறியிருந்தாலும் சரி! 29, 30-ம் படிவங்களில் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை, வாங்கியவருக்கு 30 நாள். இன்சூரன்ஸை மாற்ற வாங்கியவருக்கு 14 நாள்தான். அப்படியே ஃபாஸ்டேக்கையும் அன்றே மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.