கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால்...

கடையில் துணி வாங்கிய கதை எல்லாப் பெண்களிடமும் உண்டு. துணி விற்ற கதை சிலரிடம்தான் இருக்கிறது. அதையும் அவர்கள் வெளியில் சொல்வது குறைவு. 'சேல்ஸ் வேலைக்குப் போறாளாம்' என்று ஊர் பேசும் பேச்சுக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. ஆனால் கல்முனை பஸாரிலும், சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுக் கடைத்தெருக்களிலும் விற்பனைக்கு நிற்கும் பெண்களில் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் இருக்கிறார்கள். யுத்தத்திலும், 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் கணவனை, வாப்பாவை, கூடப்பிறந்தவனை இழந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள்.

நானும் அந்த வேலை பார்த்தவள்தான். சமூகவியலில் பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருந்த இரண்டு வருடங்கள், கல்முனையில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். இப்போது பெண்கள் குழுக்களோடு வேலை செய்கிறேன். "விக்கிறதுக்கு வெக்கமா இருக்கு மிஸ்" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், நான் அறிவுரை சொல்வதில்லை. கீழே வரும் கதைகளைத்தான் சொல்வேன். சிரித்து முடிந்த பிறகு வியாபாரத்தைப் பற்றிப் பேசுவது இலகுவாக இருக்கும்.

நாற்பது சேலையும் ஒரு லேஞ்சியும்

நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் புடவைக் கடையில் நிற்பது தனியொரு படிப்பு. இரவுத் தொழுகை முடிந்த பிறகுதான் சனம் வந்து குவியும். அப்படி ஓர் இரவு, நிந்தவூரிலிருந்து ஒரே குடும்பத்துப் பெண்கள் ஏழு பேர் வந்தார்கள். ஒருவருக்குப் பிடித்த நிறம் மற்றவருக்குப் பிடிக்கவில்லை. மற்றவருக்குப் பிடித்த கரை மாமிக்குப் பிடிக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் நாற்பது சேலை வரை விரித்துக் காட்டியாயிற்று. கடைசியில் மாமி எழும்பி, "ஒரு லேஞ்சி தாங்க புள்ள, வந்ததுக்கு" என்றார். லேஞ்சியை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். "பெருநாளைக்கு நல்லா இருக்கும் மாமி" என்றும் சொன்னேன்.

பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் அதே ஏழு பேரும் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் கலியாணம். அன்றைக்குக் கடையில் அதிகம் விற்றவள் நான்தான். மாமி போகும்போது சொன்னார்: "லேஞ்சி வாங்கக்குள்ளயும் நீ மொகம் சுளிக்கல்ல. அதுக்குத்தான் திரும்ப இஞ்ச வந்த."

தொலைபேசியில் நிறம் பார்த்தவர்

ஒரு மாமா. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். சேலைக்குப் பொருத்தமான பிளவுஸ் துணி வாங்கிவர மனைவி அனுப்பியிருந்தார். மாதிரிக்குக் கொடுத்துவிட்ட துண்டு பஸ்ஸில் தொலைந்துவிட்டது. "என்ன நிறம் மாமா?" என்று கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, "கீரைக்குத் தேங்காப்பால் விட்டா வருமே, அந்த நிறம்" என்றார். பச்சையில் பதினைந்து வகை எடுத்து வைத்தோம். எதைக் காட்டினாலும் "பால் கூடிட்டு" அல்லது "பால் காணாது" என்றார்.

கடைசியில் தன் சிறிய பட்டன் ஃபோனை எடுத்து வீட்டுக்கு அழைத்தார். மறுமுனையில் மாமியின் குரல் எங்களுக்கும் கேட்டது: "ஃபோனத் துணிக்குக் கிட்டப் புடிங்க, நான் பாக்கன்!" மாமாவும் பிடித்தார். கடையே அமைதியாயிற்று. சிறிது நேரத்தில் மாமி, "ரெண்டாவது துணி சரி போல" என்றார். அதையே வெட்டிக் கொடுத்தோம். அது திரும்பி வரவேயில்லை. இன்றைக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பி வாங்குகிறார்கள், 'நிறம் வேற' என்று திருப்பியும் அனுப்புகிறார்கள்.

விலை கேட்டுவந்த மூத்தம்மா

சாரன் விலை 1,050 ரூபா என்றேன். மூத்தம்மா 500 என்றார். முடியாது என்றதும் பேச்சை மாற்றினார். "நீ எந்த ஊரு? ஆருட மகள்?" நான் சொல்லச் சொல்ல, என் வாப்பாவின் வாப்பாவுக்கு அவர் மச்சி முறை என்பது வரை கொண்டுவந்துவிட்டார். "சொந்தக்காரிக்கு இந்த விலையாகா?" ஐம்பது ரூபா குறைத்தேன். அதுவே முதலாளி எனக்குத் தந்திருந்த எல்லை.

பிறகுதான் உண்மையான பேரம் தொடங்கியது. "கலியாணம் முடிச்சியா? வீடு கட்டியாச்சா?" அடுத்த இரண்டு கிழமையும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சொந்தக்காரியோடு 'சாரன் பார்க்க' வந்தார். சாரனை யாரும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். வீடு இன்னும் கட்டவில்லை என்று தெரிந்ததும் வரவு நின்றுவிட்டது.

சிரிப்புக் கதைதான். ஆனால் பெண்ணுக்கு வீடு கொடுத்தே கலியாணம் பேசும் எங்கள் கரையோர வழக்கத்தில், அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் எத்தனையோ உம்மாமார் மத்திய கிழக்குக்குப் போனார்கள். மகள்மார் கடைகளில் வேலைக்கு நிற்பதற்கும் அது ஒரு காரணம்.

ரெத்தவும் ரெட்டையும்

அம்பாறை நகரிலிருந்து ஒரு சிங்களத் தம்பதியினர் வந்திருந்தார்கள். அந்த அம்மா "ரெத்த" வேண்டும் என்றார். சிங்களத்தில் அது பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி. என்னோடு நின்ற பிள்ளைக்கு 'ரெட்ட' என்று கேட்டிருக்கிறது. ஓடிப்போய் இரட்டைக் கட்டில் விரிப்பைக் கொண்டுவந்து விரித்தாள். அந்த அம்மா விரிப்பின் நீளத்தையும் தன் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. விளங்கிய பிறகு நாங்களும் சிரித்தோம். ஒருவரின் ஊருக்குள் மற்றவர் போகப் பயந்திருந்த காலம் ஒன்று இருந்தது. அதை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் விலை தெரியும்.

கேட்கக்கூடாத கேள்வி

எல்லாம் சிரிப்பு அல்ல. பாண்டிருப்புப் பக்கமிருந்து ஓர் அக்கா வருவார். நிறமான சேலைகளைக் கையில் எடுத்துப் பார்ப்பார், தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்ப்பார், மடித்து வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி வழக்கம்போல, "ஆருக்கு அக்கா?" என்று கேட்டாள். "தங்கச்சிக்கு" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனார். கணவர் காணாமல் போய்ப் பல வருடங்கள் என்று பிறகு தெரியவந்தது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது, என்ன நிறம் உடுப்பது என்பதைக்கூட ஊர்தான் தீர்மானிக்கிறது.

அதன் பிறகு எங்கள் பகுதியில் 'ஆருக்கு?' என்ற கேள்வியை விட்டுவிட்டோம். 'என்ன நிறம் காட்ட?' என்று மட்டும் கேட்டோம். அக்கா திரும்பி வந்தார். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை வாங்கினார். யாருக்கென்று நாங்கள் கேட்கவில்லை.

கலியாண வீட்டில் வந்த கடன்

இது எங்கள் குழுவிலுள்ள ஒரு சகோதரியின் கதை. மருதமுனைக் கைத்தறிச் சாரன், சேலைகளை வாங்கி வீடு வீடாக விற்பவர். மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுத் துணி குவிந்தபோது தறிகள் நலிந்தன. சுனாமியும் தறிகளைக் கொண்டுபோனது. அப்படியிருந்தும் நெசவு அற்றுப்போகவில்லை.

ஒரு வாடிக்கையாளர் ஐந்து மாதமாகச் சேலைக் காசு கொடுக்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் இருவரும் எதிரெதிரே சந்தித்தார்கள். அவர் உடுத்திருந்தது அதே சேலை! சகோதரி ஒன்றும் பேசவில்லை. சேலை அழகாக இருக்கிறதே என்று சிரித்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பெண் அவரது கையைப் பிடித்துக் குசினிப் பக்கம் இழுத்துப்போய், முழுக் காசையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஆரிட்டயும் சொல்லாதகா" என்றாராம். "இனிக் கடன் கேக்கப் போறல்ல மிஸ், கலியாண வீட்டுக்குத்தான் போற" என்கிறார் சகோதரி.

சிரிப்பும் ஓர் உழைப்புத்தான்

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷில்ட் 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்கள் களைத்திருந்தாலும் சிரித்த முகம் காட்ட வேண்டியிருப்பதை ஆராய்ந்து, அதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டார். பல்கலைக்கழகத்தில் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கினேன். விளங்கியது நாற்பதாவது சேலையை மடிக்கும்போதுதான்.

அந்த உழைப்புக்கும் உரிமை உண்டு. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுதும் இருக்கவே விடாமல் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். கோழிக்கோட்டில் பெண்கள் ஒன்றுசேர்ந்து போராடியதன் பின், 2018இல் அங்கே வேலைநேரத்தில் இருக்கும் உரிமை சட்டமாயிற்று. 2021இல் தமிழ்நாடும் அப்படிச் சட்டத்தைத் திருத்தியது.

நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. அதன்படி சாதாரண வேலைநேரம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை செய்தால் மேலதிகக் கொடுப்பனவு உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்தால், முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) 3 வீதம் முழுவதும் முதலாளியின் பங்கு. சேமலாப நிதி கட்டப்படவில்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

சொந்தமாக விற்கும் சகோதரிகளுக்கு

வாடிக்கையாளர் விலை கேட்டு முடிக்கும் முன் உங்கள் அடிவிலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு சாரனை 1,400 ரூபாவுக்கு எடுக்கிறீர்கள். பஸ் செலவில் அதன் பங்கு 60, பைக்கு 15, உங்கள் நேரத்துக்கு 125. மொத்தம் 1,600. அதுதான் எல்லை. 1,750 சொன்னால் 150 ரூபா பேரம் பேச இடமிருக்கும். நம் பெண்கள் அதிகம் விட்டுவிடுவது அந்த 125ஐத்தான். நம் நேரத்துக்கு நாமே விலை போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்?

கடனுக்குக் கொடுத்தால் பாதிக் காசை முதலில் வாங்குங்கள். கொப்பியில் திகதியோடு எழுதி, வாங்கியவரிடமே ஒப்பம் வையுங்கள். சொந்தம் என்றாலும் எழுதுங்கள். எழுதியிருந்தால் சொந்தமும் கெடாது.

வாங்கப் போகும்போது நமக்கும் ஒரு கடமை உண்டு. விலை பேசுங்கள், அது உங்கள் உரிமை. பத்துச் சேலை விரிக்கச் சொல்லுங்கள், அது அந்தப் பிள்ளையின் வேலை. வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இறங்கும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். கால் கடுக்க நிற்கிறவளுக்கு அது அன்றைய சம்பளத்தில் சேராத ஒரு வரும்படி.