தார்ப்பாய்க்குள்ளே ஒரு 'பிளஷர்'!

ஒரு ஞாயித்துக்கிழமை. கிளாஸ்மேட்டோட அம்பாசமுத்திரம் பக்கம் அவன் ஊருக்குப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். ஆத்துல ரெண்டு மணி நேரம் ஆட்டம் போட்டாச்சு. ஆச்சி கையால சொதிச் சாப்பாடும் ஆச்சு. கண்ணு சொருகுற நேரத்துல தொழுவத்துக்குப் பின்னாடி ஒரு ஷெட் கண்ணுல படுது. உள்ளே வைக்கோலுக்கும் உர மூட்டைக்கும் நடுவுல ஒரு தார்ப்பாய். ஓரத்தைத் தூக்கினா... பல்வரிசை மாதிரி குரோம் கிரில், யானைக் காது சைஸுக்கு மட்கார்டு, நாலு பேர் நீட்டிப் படுக்கிற மாதிரி சீட்!

"எங்க தாத்தாவோட பிளஷர்டே. காயலான் கடைக்குப் போடணும்னு அப்பா சொல்லிட்டே இருக்காவ"ன்னு கூலா கொட்டாவி விடுறான் நண்பன்.

இப்போ என்ன பண்ணுவீங்க? ஒரு போட்டோ எடுத்துட்டு பஸ் ஏறிடுவீங்களா? கொஞ்சம் இருங்க பாஸ், மேட்டர் இருக்கு.

முதல்ல அந்த 'பிளஷர்'. தெற்கத்திப் பெரியவங்க வாயில காருக்கு அதுதான் பேரு. பஸ்ஸும் லாரியும் பிழைப்புக்கு, சொந்த சவாரிக்கு வாங்கினது 'பிளஷர் கார்'. அந்தக் காலத்துல ஊருக்கு ஒண்ணோ ரெண்டோ இருந்த பிளஷர்ல பல, அமெரிக்காக்காரன் போட்ட வண்டி. செவர்லே, பியூக், டாட்ஜ், பிளைமவுத், ஸ்டூடிபேக்கர்... வசதி இன்னும் கூடினா பேக்கார்ட், காடிலாக். நம்ம மண் ரோட்டுக்கும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அந்தப் பெரிய இன்ஜினும் உயரமான அடிப்பாகமும் தோதா இருந்துச்சு.

இதுல நம்ம மாவட்டத்துக்கு நேரடி சொந்தமே உண்டு. டி.வி.எஸ்.னா உங்களுக்கு பைக்தான் ஞாபகம் வரும். அந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877-ல பிறந்தது திருக்குறுங்குடியில. வக்கீல் வேலை, ரயில்வே வேலை, பேங்க் வேலைன்னு எல்லாத்தையும் பார்த்துட்டு, எல்லாத்தையும் உதறிட்டு, 1911-ல மதுரையில கம்பெனி ஆரம்பிச்சார். பஸ் விட்டார். அப்புறம் அந்தக் குடும்பத்தோட சுந்தரம் மோட்டார்ஸ், அமெரிக்காவோட ஜெனரல் மோட்டார்ஸுக்கு இந்தியாவுலேயே பெரிய விநியோகஸ்தர்கள்ல ஒண்ணா வளர்ந்துச்சு. செவர்லே, பியூக், காடிலாக் எல்லாமே அந்த ஜி.எம். வீட்டுப் பிள்ளைங்கதான். குறுங்குடிக்காரர் ஒருத்தர் அமெரிக்க வண்டிகளைத் தெற்கத்தி ரோட்டுல ஓட விட்டார்னு தாராளமா காலரைத் தூக்கிக்கலாம்.

அப்போ அந்த வண்டியெல்லாம் எங்கே போச்சு? ஜி.எம். 1928-ல பம்பாயில கார்களைப் பூட்டி விக்க ஆரம்பிச்சது. 'இங்கேயே தயாரிக்கிற திட்டம் இல்லாட்டி இடம் இல்லை'ன்னு சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் கறாரா சொன்னதும், 1954-ல கடையைக் கட்டிடுச்சு. ஃபோர்டுக்கும் அதே கதை. அதுக்கப்புறம் உதிரி பாகம் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. 1973-ல பெட்ரோல் விலை எகிறினதும் லிட்டருக்கு அஞ்சு, ஆறு கிலோமீட்டர் ஓடுற வண்டியை யார் கட்டி மாரடிப்பா? அப்படித்தான் பிளஷர் தொழுவத்துக்குப் பின்னாடி போச்சு.

சாவியைத் தொடாதீங்க!

ஷெட்டுக்குத் திரும்புவோம். எல்லாரும் செய்ற முதல் தப்பு, ஒரு பேட்டரியைத் தூக்கிட்டு வந்து 'செல்ஃப் எடுக்குதா பார்ப்போம்'னு சாவியைத் திருகுறது. அடுத்தது, டிராக்டர்ல கயிறு கட்டி, கியரைப் போட்டு இழுக்கிறது. முப்பது வருஷம் சும்மா நின்ன இன்ஜின்ல பிஸ்டன் ரிங் சிலிண்டரோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். வால்வும் நின்ன இடத்திலேயே இறுகியிருக்கும். பலவந்தமா சுத்தினா ரிங் உடையும், புஷ் ராடு வளையும். அரை மணி நேர ஆர்வத்துக்கு ஆறு மாச தண்டம்.

அதுக்குப் பதிலா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா லேசான ஆயிலை ஊத்திட்டு விட்டுடுங்க. ஒரு வாரம், பத்து நாள். தினம் கொஞ்சம் ஆயில், கொஞ்சம் பொறுமை. பிறகு கிராங்க் புல்லியில ஸ்பானர் போட்டுக் கையாலேயே மெதுவா ஆட்டிப் பாருங்க. ஒரு நூல் அசைஞ்சாலும் பார்ட்டி வைக்கலாம். அடுத்து டேங்க். பழைய பெட்ரோல் பிசினாகி வார்னிஷ் வாடை அடிக்கும். அதைக் கழுவாம விட்டா கார்புரேட்டர் அம்பேல். பிரேக்கோட ரப்பர் சமாச்சாரம் எதையும் நம்பாதீங்க. வண்டியை ஓட்டுற ஆசை வர்றதுக்குள்ள அது நிக்குமான்னு பார்த்துடுங்க.

பேட்டரின்னதும் ஒண்ணு. 1950-களின் நடுவுக்கு முந்தின பெரும்பாலான அமெரிக்க கார்கள் 6 வோல்ட்டுல ஓடுறவை. நம்ம 12 வோல்ட்டைக் கொடுத்தா பல்பெல்லாம் ஒரே நொடியில தீபாவளி. பேக்கார்ட், அந்தக் கால ஃபோர்டு மாதிரி சில வண்டிகள்ல பாஸிட்டிவ் முனைதான் பாடியில எர்த். மாத்திக் கொடுத்தா என்ன ஆகும்னு ஈ.ஈ.ஈ. மச்சான் யாராவது சொல்லட்டும்.

ஸ்பானர்ல இன்னொரு கண்டம். அந்த வண்டியில மில்லிமீட்டரே கிடையாது, எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டுன்னா 12.7 மில்லிமீட்டர். கையில இருக்கிற 13-ஆம் நம்பர் ஸ்பானர் 'பொருந்துதே'ன்னு உள்ளே போகும். பலமா திருகினதும் முனை மழுங்கிடும். அப்புறம் கேஸ் வெல்டிங்தான் கதி. அங்குல ஸ்பானர் செட் ஒண்ணு தேத்துங்க, உங்க முதல் முதலீடு அதுதான். கழட்டுற ஒவ்வொரு நட்டையும் தனித்தனி கவர்ல போட்டு எழுதி வைங்க. செல்போன்ல செல்ஃபியைக் குறைச்சு, வயரிங்கை நூறு போட்டோ எடுங்க.

'எல்லாத்தையும் கழட்டிட்டா திரும்ப சேருமா?'ன்னு பயமா? 1908-ல இங்கிலாந்துல புரூக்லாண்ட்ஸ் ரேஸ் டிராக்கில ஒரு சோதனை நடந்துச்சு. மூணு புது காடிலாக்கை நட்டு நட்டா பிரிச்சு, பாகங்களை ஒரே குவியலா கலக்கி, அதுல 89 பாகங்களை உருவிட்டு கடை ஸ்டாக்குல இருந்து வேற போட்டாங்க. ஸ்பானரையும் ஸ்குரூ டிரைவரையும் மட்டும் வெச்சு மறுபடி மூணு காரா பூட்டினாங்க. மூணும் ஸ்டார்ட் ஆகி, 500 மைல் ஓடிச்சு! ஒரு வண்டியோட பாகம் இன்னொரு வண்டிக்கு அப்படியே உட்காரும்ங்கிறதே அப்போ உலகத்துக்குப் புதுசு. காடிலாக்குக்கு டூவர் டிராபி கிடைச்சது அதனாலதான். 1912-ல கிராங்க் கம்பியைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டரோட வந்ததும் அதே காடிலாக்தான். நாம சொல்ற 'செல்ஃப்' அங்கே இருந்துதான் வந்துச்சு. ஆக, கரெக்டா பிரிச்சா கரெக்டா சேரும்.

எல்லாமே ஸ்பானர்ல முடியாது. 1953-க்கு முந்தின செவர்லே ஆறு சிலிண்டர் இன்ஜினைத் திறந்தீங்கன்னா கனெக்டிங் ராடுல இப்போ மாதிரி மாத்துற பேரிங் இருக்காது. ஒயிட் மெட்டலை உருக்கி ராடுக்குள்ளேயே ஊத்தி, லேத்துல கடைஞ்சு, கடைசியில கையால சுரண்டி உட்கார வைப்பாங்க. எங்கே உரசுது, எங்கே உரசலைன்னு நீலம் தடவிப் பார்த்துப் பார்த்து மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கைத் தேடுற வேலை இது. இதுக்கு யூடியூப் வீடியோ உண்டு. ஆனா உருக்கின உலோகம் ஊத்துற பதத்துக்கு வந்தாச்சான்னு பார்த்ததும் சொல்ற கண்ணு, வயசான ஒரு சில மெக்கானிக் அண்ணாச்சிகள்கிட்டதான் இருக்கு. உங்க ஊர்ப் பட்டறையில அப்படி ஒருத்தர் இருந்தா, செமஸ்டர் லீவுல போய் நில்லுங்க. முதல் வாரம் டீ வாங்கத்தான் அனுப்புவார். வாங்கிட்டு வாங்க. பேட்டை ஐ.டி.ஐ.யில படிச்சாலும் சரி, பி.இ. ஆட்டோமொபைல் படிச்சாலும் சரி, இந்தப் பாடம் சிலபஸ்ல கிடையாது.

டிங்கரிங்லயும் அவசரம் வேண்டாம். 1930-களின் நடுவரைக்கும் ஜி.எம். பாடியில தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம்தான். நம்ம ஊர்க் கரையானுக்கு விருந்து! அங்கே வெல்டருக்கு முன்னாடி நல்ல ஆசாரியைத் தேடணும். பின்பக்கம் காரணமே இல்லாம துளைகள் இருந்தா பட்டி போட்டு மூடிடாதீங்க. இரண்டாம் உலகப்போர்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்போ, கரியை எரிச்சு வர்ற வாயுவுல கார் ஓட்டினாங்க. அதுக்கான 'கேஸ் பிளாண்ட்'டை டி.வி.எஸ்.ஸே தயாரிச்சது. அந்தத் துளைகள் அதைத் தாங்கினதா இருக்கலாம். அது காரோட டைரி சார்!

டீசல் இதயம்

பானெட்டைத் திறந்தா உள்ளே பெட்ரோல் இன்ஜினே இல்லைன்னா? அதிர்ச்சியாகாதீங்க, ரொம்ப சகஜம். பெட்ரோல் செலவு தாங்காம பலபேர் சென்னை சிம்ப்சன் போட்ட பெர்கின்ஸ் மாதிரி டீசல் இன்ஜினைப் பூட்டிட்டாங்க. வின்டேஜ் பிரியர்கள் இதைப் பார்த்தா 'கொலை'ம்பாங்க. எனக்கு அப்படித் தோணலை. அந்த டீசல் மட்டும் இல்லைன்னா வண்டி அப்பவே இரும்புக் கடையில எடை போட்டுப் போயிருக்கும்.

ஆனா சட்டம் வேற பேசுது. 2021 ஜூலையில மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்துச்சு. வயசு 50-ஐத் தாண்டியிருக்கணும், பெரிய மாற்றம் எதுவும் இல்லாம ஒரிஜினல் உருவத்துல இருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டின்னா பழைய நம்பரையே வெச்சுக்கலாம். கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு எடுத்துட்டுப் போகலாம். தினம் காலேஜுக்கு ஓட்டிட்டுப் போய் கேட்ல இறங்கி சீன் போட முடியாது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடவும் முடியாது.

அதனால, மாத்தின பழைய இன்ஜின் எங்கேன்னு தாத்தாகிட்ட கேளுங்க. தோட்டத்துல மாமரத்தடியில சாக்கு மூடிக் கிடக்கலாம். பம்ப்செட் ரூம் மூலையில கிடக்கலாம். அது கிடைச்சா கதையே வேற. அப்படியே இரும்புப் பெட்டியைத் திறந்து ஆர்.சி. புக், பழைய இன்ஷூரன்ஸ் சீட்டு, டாக்ஸ் டோக்கன் எல்லாத்தையும் வெளியே எடுங்க. பேப்பர் இல்லாத பியூக்கை விட பேப்பர் உள்ள பிளைமவுத் பெட்டர்.

செலவு? மறைச்சுப் பேச விரும்பலை, வண்டி பணத்தை முழுங்கும். செவர்லே, ஃபோர்டுன்னா அமெரிக்காவுல இன்னிக்கும் புதுசா செய்ற பாகங்கள் கிடைக்குது. கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் தனி. 1958-ல மூடின பேக்கார்டுன்னா வேட்டை இன்னும் கஷ்டம். இதெல்லாம் வேலைக்குப் போய் மெதுவா பார்த்துக்கலாம். முழுசா முடிச்ச வண்டி எப்படி இருக்கும்னு தெரியணும்னா, கோயம்புத்தூர் அவினாசி ரோட்டுல ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு டிரிப் அடிங்க.

இப்போதைக்கு வேண்டியது நண்பனோட அப்பாகிட்ட ஒரு வருஷ டைம். "அங்கிள், காயலான் கடைக்காரர் எவ்வளவு தர்றேன்னார்?"னு கேட்டு, அதுக்குப் பிறகு பேச்சை ஆரம்பிங்க. பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தூக்கிடுங்க, அதுக்குள்ளே ஈரம் வேர்த்து வேர்த்துத்தான் தகரம் அரிக்குது. பழைய பருத்தி வேட்டி நாலைச் சேர்த்துத் தைச்சுப் போர்த்துங்க. ஷெட் ஆத்துக்குப் பக்கமா, பள்ளத்துல இருந்தா வண்டியை மேட்டுக்கு மாத்துங்க. 2023 டிசம்பர்ல தாமிரபரணி எந்த வீட்டு வாசல் வரைக்கும் வந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஐப்பசி மழைக்கு முன்னாடி ஹாஸ்டல் பசங்க எட்டுப் பேரைக் கூட்டிட்டுப் போய்த் தள்ளுங்க. தள்றதுக்கு முன்னாடி கியர் நியூட்ரல்ல இருக்கான்னு மட்டும் பார்த்துக்குங்க!