பழைய ஜீப் வாங்கி 'ஆல்டர்' பண்ண ஆசையா? முதல்ல பிரேக்கையும் ஆர்.சி.யையும் பாருங்க!

குருவிநத்தம்:

பாகூர் பக்கம் மழைக்காலம் வந்தால் ஆற்றங்கரை பாதையும் ஏரிக்கரை பாதையும் சேறாகி விடும். டிராக்டர் போய் விழுந்த தடத்தில் காரை இறக்கினால் அடி தட்டும். பைக்கில் போவது சர்க்கஸ் மாதிரி. குருவிநத்தம், சோரியாங்குப்பம் போன்ற தென்பெண்ணை கரையோர ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை.

இந்த மாதிரி பாதையில் அசராமல் போகும் வண்டி 'போர் வீல்' ஜீப். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பெரிய டயர் மாட்டி, உயரம் ஏத்தி, முன்னால் கம்பி வைத்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை இளைஞர்கள் பலருக்கு இருக்கிறது. செல்போனில் வீடியோ பார்க்கப் பார்க்க அந்த ஆசை கூடுகிறது.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் சீட்டு எடுத்து, நகையை வைத்து வாங்கிய வண்டி ஒரே செக்கிங்கில் ஸ்டேஷன் வாசலுக்குப் போய் விடலாம். பிரேக்கை கவனிக்காமல் டயருக்கு செலவு செய்தால் ஆளுக்கே ஆபத்து. எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பதைப் பார்ப்போம்.

ஜீப் எல்லாம் 'போர் வீல்' இல்லை

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் ஓட்டியது வில்லிஸ் ஜீப். 1940-களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் அதை இந்தியாவுக்கு கொண்டு வந்தது. அந்த வழியில் வந்தவைதான் நம்ம ஊரில் ஓடிய ஜீப்புகள். மாருதி ஜிப்சி 1985-ல் வந்தது. மகிந்திரா தார் 2010-லும், அதன் புது மாடல் 2020-லும் வந்தன.

ஜீப் மாதிரி இருப்பதெல்லாம் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கிடையாது. கமாண்டர், மேஜர் போன்ற பல வண்டிகளில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். வாங்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள். கியர் பாக்சுக்கு பக்கத்தில் 'டிரான்ஸ்பர் கேஸ்' என்ற இன்னொரு பெட்டியும், அதிலிருந்து முன் அச்சுக்கு போகும் ஒரு புரொபெல்லர் ஷாப்டும் இருந்தால்தான் அது போர் வீல் வண்டி. வண்டிக்குள் கியர் ராடு பக்கத்தில் சின்ன ராடும் இருக்கும். அந்த ராடு இருந்தும், ஷாப்டை கழற்றி விற்றுவிட்ட வண்டிகளும் உண்டு. உஷார்!

சின்ன ராடு என்ன செய்யும்?

அதில் பொதுவாக 3 நிலை இருக்கும். '2எச்' போட்டால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். தார் ரோட்டுக்கு இதுதான். '4எச்' போட்டால் நாலும் இழுக்கும். ஈர மண், சேறு, மணலுக்கு இது. '4எல்' போட்டால் வண்டி மெதுவாகப் போகும், ஆனால் இழுவை நன்றாகக் கூடும். செங்குத்து மேடு ஏறவும், இறங்கவும், மாட்டிக்கொண்ட வண்டியை மீட்கவும் இது.

காய்ந்த தார் ரோட்டில் 4எச் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் சுற்றுவதில்லை. மண்ணில் என்றால் டயர் வழுக்கி சரி செய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாது. இறுக்கம் முழுக்க கியர் பல்லுக்குப் போய் டிரான்ஸ்பர் கேஸ் உடையும்.

ராடு போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லையா? ஜிப்சி போன்ற வண்டிகளில் முன் சக்கர நடுவில் 'ஹப் லாக்' இருக்கும். அது 'லாக்'கில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ராடின் லிங்கேஜ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்பர் கேசை பிரிப்பது அதற்குப் பிறகுதான்.

மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

பழைய ஜீப்பில் திரும்பத் திரும்ப வரும் தொல்லைகள் சிலதான். பெரிய ரிப்பேர் என்று பயந்து இன்ஜினை இறக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை: செல்ப் 'டக்' என்று மட்டும் சொன்னால் பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைத்தூளை சுரண்டி இறுக்குங்கள். அடுத்து, பாடிக்குப் போகும் எர்த் ஒயர். புது பேட்டரி மாட்டியும் சரியாகாத பல வண்டிகளில் தப்பு எர்த் ஒயரில்தான் இருக்கும்.

செல்ப் சுத்துது, டீசல் வண்டி பிடிக்கவில்லை: டேங்க் காலியானாலோ, பைப் விரிசல் விட்டாலோ டீசல் லைன் 'ஏர்' எடுத்துவிடும். பில்டர் மேலிருக்கும் ஸ்குருவை லேசாக லூஸ் செய்து, கை பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் நுரை நின்று சுத்தமான டீசல் வரும். பிறகு ஸ்குருவை இறுக்கினால் வண்டி பிடிக்கும். பில்டரில் தண்ணீர் நின்றால் வடித்து விடுங்கள்.

சூடு ஏறுது: மெதுவாக, 4எல்-லில் இழுக்கும்போது வண்டிக்கு காற்று கிடைக்காது. ரேடியேட்டர் மீன் முள்ளு மாதிரி இருக்கும் இடத்தில் சேறும் புல்லும் அடைத்திருக்கும். பேன் பெல்ட் தளர்ந்திருக்கும். இஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. முகத்தில் வெந்நீர் பீச்சி அடிக்கும்.

ஸ்டியரிங் உதறுது: ஒரு வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் கையை உதறினால் அதோடு ஓட்டக்கூடாது. கிங் பின் பேரிங், டை ராடு எண்டு, பட்டையின் புஷ், வீல் பேரிங் இவற்றில் ஒன்று போயிருக்கும். டயர் பேலன்சும் காரணமாக இருக்கலாம். பெரிய டயர் மாட்டினால் இந்த உதறல் கூடும்.

கியர் மாத்தும்போது 'டக் டக்' சத்தம்: புரொபெல்லர் ஷாப்டின் கிராஸ் தேய்ந்திருக்கும். வண்டியை கட்டை வைத்து நிறுத்தி, ஷாப்டை கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கிரீஸ் காட்டாத கிராஸ் ஓடும்போது கழன்றால் ஷாப்ட் ரோட்டில் குத்தும்.

பெரிய டயரும் உயரமும்

மணலில் போக பெரிய டயர் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி பேசப்படுகிறது. உண்மையில் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. 30 பாயிண்ட் காற்று இருக்கும் டயரில் 15 முதல் 18 பாயிண்ட் வரை இறக்கினால் டயர் அகலமாகப் பரவி மணல் மேல் மிதக்கும். வேகமாக ஓட்டக்கூடாது, சடாரென்று திருப்பக்கூடாது. ரோட்டுக்கு வந்ததும் காற்றை ஏற்றிவிட வேண்டும். ஒரு கேஜும் சின்ன காற்று பம்பும் இருந்தால் போதும்.

பெரிய டயர் மாட்டினால் என்ன ஆகும்? கனமான சக்கரத்தை நிறுத்த பழைய பிரேக் திணறும். கிளட்சுக்கும் ஆக்சிலுக்கும் சுமை கூடும். மைலேஜ் குறையும். ஸ்பீடாமீட்டர் நிஜ வேகத்தை விட குறைவாகக் காட்டும். உயரம் ஏத்தினால் பாரம் மேலே போய் வளைவில் வண்டி சாயும். பிரேக் ஓஸ் இழுபடும். ஷாப்டின் கோணம் மாறி கிராஸ் சீக்கிரம் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதில் முக்கியம். கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களில் இருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. 2019 ஜனவரி 9-ந்தேதி, கேரளாவில் இருந்து வந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. வண்டியின் அமைப்பை மாற்றுவது கூடாது என்று தீர்ப்பளித்தது.

அதே 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, விதி மீறி மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். மூன்று மாற்றம் என்றால் 15 ஆயிரம்! குருவிநத்தத்தில் இருந்து ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கேயும் இதே மத்திய சட்டம்தான். பி.ஒய். நம்பர் என்று தப்ப முடியாது.

முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியான 'புல் பார்' மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இடித்தால் நடந்து போகிறவர் உயிர் போகும். ஏர்பேக் சென்சாரும் சரியான நேரத்தில் வேலை செய்யாமல் போகலாம்.

செய்யக்கூடியவையும் இருக்கின்றன. பெயிண்ட் நிறத்தை மாற்றி, அதை ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ளலாம். பழைய இன்ஜினுக்கு பதில் அதே வகை இன்ஜினை போக்குவரத்துத் துறை அனுமதியோடு மாற்றலாம். கம்பெனி அந்த மாடலுக்கு அனுமதித்த அளவுக்குள் டயர் மாட்டலாம். சீட் கவர், தரை பாய், டூல் பெட்டி இதற்கெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்.

அரியானாவில், பஞ்சாப் எல்லையை ஒட்டி இருக்கும் மண்டி தப்வாலி என்ற ஊர் ஜீப்பை புதுசு மாதிரி கட்டித் தருவதற்கு பெயர் போனது. அப்படி கட்டிய வண்டிகள் இணையத்தில் விற்பனைக்கு வரும். படம் கண்ணைப் பறிக்கும். ஆனால் வேறு மாநில வண்டியை இங்கே மாற்ற என்.ஓ.சி. வேண்டும். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், இருக்கை எண்ணிக்கை எல்லாம் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். 'பேப்பர் அப்புறம் வரும்' என்றால் பணம் கொடுக்கவே கூடாது. வண்டிக்கு வயசு 20 தாண்டி இருந்தால் மறுபதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டதையும் கணக்கில் சேருங்கள்.

நடிகருக்கே அபராதம்

2022 மே மாதம் கேரளாவின் வாகமணில் தேயிலைத் தோட்டத்தில் ஆப் ரோடு நிகழ்ச்சி நடந்தது. அதில் ஜீப் ஓட்டிய மலையாள நடிகர் ஜோஜு ஜார்ஜ் மீது புகார் வந்தது. இடுக்கி மோட்டார் வாகனத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அவர் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டினார். பட்டா நிலம்தானே என்று நினைத்தாலும் அனுமதி இல்லாத பந்தயம் வம்புதான்.

இன்சூரன்சும் கைவிடும். பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்கு சாதாரண பாலிசியில் பணம் கிடையாது. கம்பெனிக்கு சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டியும் இழப்பீட்டை மறுக்கலாம்.

வெள்ளத்தில் வீரம் வேண்டாம்

2024 நவம்பர் 30-ந்தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்து சாத்தனூர் அணையில் இருந்து நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அந்த நேரத்தில் 'நம்மகிட்ட ஜீப் இருக்கே' என்று இறங்கத் தோன்றும்.

புது தார் 650 மில்லி மீட்டர், அதாவது சுமார் 2 அடி தண்ணீரில் போகும் என்று கம்பெனி சொல்கிறது. அது ஓடாத தண்ணீர் கணக்கு. ஓடும் தண்ணீரில் 1 அடி இருந்தால் சின்ன கார் மிதக்கும், 2 அடி இருந்தால் பெரிய ஜீப்பையே அடித்துப் போகும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. வண்டி உயரமாக இருந்தாலும் ஓடும் தண்ணீர் பக்கத்தில் இருந்து தள்ளும். அடியில் ரோடு அறுத்திருந்தால் வெளியே தெரியாது.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் செல்ப் அடிக்காதீர்கள். ஏர் பில்டர் வழியாக தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஒரு தடவை சுத்தினாலே கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜின் காலி. இழுத்துக் கரையேற்றி, மெக்கானிக்கை வைத்து தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மேலே ஏற்றி வைக்கும் 'ஸ்நார்க்கெல்' குழாய் இன்ஜினுக்கு மட்டும்தான் பாதுகாப்பு, ஆளுக்கு இல்லை.

தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் மெதுவாக நாலைந்து தடவை பிரேக் அடித்து காய வையுங்கள். ஆக்சில், கியர் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்ற வேண்டும்.

டிராக்டர் கட்டி இழுக்கும்போது

மாட்டிக்கொண்ட ஜீப்பை நம்ம ஊரில் டிராக்டர்தான் இழுக்கும். செயினை பம்பரில் கட்டாதீர்கள். சேசிசில் இருக்கும் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். அறுந்த செயினும், பிடுங்கிய கொக்கியும் குண்டு மாதிரி வந்து அடிக்கும். கயிறு, செயின் நடுவில் ஈர சாக்கு போட்டு வைத்தால் அறுந்தாலும் வீச்சு குறையும். வேடிக்கை பார்க்கிறவர்கள், முக்கியமாக பிள்ளைகள், கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். இழுக்கும் முன் சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டி விட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த வரிசையில் செலவு செய்வது?

கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும். அடுத்தது ரேடியேட்டர், பெல்ட், பில்டர், ஆயில். மூன்றாவது நல்ல கண்டிஷனில் கம்பெனி அளவு டயர். நான்காவது மண்வெட்டி, கேஜ், பம்ப், கயிறு, முதலுதவிப் பெட்டி. இவ்வளவும் முடித்த பிறகு பணம் மிஞ்சினால் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்.

புதுசாக எதை மாட்டுவதாக இருந்தாலும், மாட்டும் முன் ஆர்.சி.யோடு போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் கேட்டுவிடுங்கள். அந்த ஒரு நடைக்கு ஆகும் செலவு பஸ் காசுதான். கேட்காமல் மாட்டியதைக் கழற்றுவதற்கு ஆகும் செலவு அதை விட பல மடங்கு அதிகம்.