பிரித்தானியப் பிரபுக்கள்: அன்றும் இன்றும்

பிரித்தானியப் பிரபு வகுப்பு ஐந்து படிகளைக் கொண்டது. கோமகன் முதற்படியினர், பரன் இறுதிப்படியினர். பட்டமும் நிலமும் பொதுவாக மூத்த மகனையே சேர்ந்தன. இளைய மைந்தர் சட்டத்தின் முன் சாதாரண குடிகளாகிப் படையிலும் திருச்சபையிலும் வாணிகத்திலும் வாழ்வு தேடினர். நிலம் துண்டாடப்படாது நூற்றாண்டுகள் நிலைத்தமைக்கு இவ்வழக்கமே பெருங் காரணம். நிலம் வாரத்தைத் தந்தது. வாரம் மாளிகையைத் தாங்கியது. பிரபுக்கள் சபை பிறப்பினாலேயே சட்டமியற்றும் உரிமையை அளித்தது.

இக்கட்டமைப்பின் அடித்தளம் 1870களில் அசையத் தொடங்கிற்று. அமெரிக்கத் தானியம் மலிவாக வந்திறங்கவே, விளைபொருள் விலையும் நில வாரமும் வீழ்ந்தன. 1894இல் மரணவரி புது வடிவம் பெற்றது. 1909இல் லொயிட் ஜோர்ஜ் கொணர்ந்த வரவுசெலவுத் திட்டத்தைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. அதன் பலனாக எழுந்த போராட்டம் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் முடிந்தது. மக்கள் சபை நிறைவேற்றும் சட்டமூலங்களைத் தாமதிக்கலாமேயன்றித் தடுத்துவிட இயலாது என்ற நிலை அன்று பிறந்தது.

இரு உலகப் போர்களின் பின் நெருக்கடி மாளிகைகளுக்குள்ளும் புகுந்தது. தொழிற்சாலையும் அலுவலகமும் நல்ல கூலி தரும்போது, பிறர் வீட்டில் ஏவல் செய்ய யார் முன்வருவர்? பராமரிக்க இயலாத மாளிகைகள் பல இடிக்கப்பட்டன. 1950இல் பத்தாவது டெவன்ஷயர் கோமகன் மறைந்தபோது, அவர் சொத்தின்மீது நூற்றுக்கு 80 வீதமான மரணவரி விழுந்தது. அதனை இறுக்க நிலங்களும் அரிய ஓவியங்களும் கைமாறின. ஹாட்விக் மாளிகை அரசிடம் சென்று, 1959இல் தேசிய நம்பிக்கைப் பொறுப்பகத்தை அடைந்தது. சற்ஸ்வேர்த் மாளிகை மட்டும் தப்பியது. 1981 முதல் அதனை ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிருவகிக்கிறது. முன்னோர் கட்டிய மாளிகையில் வசிப்பதற்கு அக்குடும்பம் இன்று வாடகை செலுத்துகின்றது.

வேறு சிலர் வாயிற்கதவைத் திறந்து நுழைவுக் கட்டணம் பெற்றனர். லோங்லீற் 1949இலும் உபேண் அபி 1955இலும் பொதுமக்களை வரவேற்றன. 1966இல் லோங்லீற் தோட்டத்தில் சிங்கங்களும் உலாவத் தொடங்கின. ஒருகாலத்தில் அழைப்பின்றி எவரும் நுழைய இயலாதிருந்த மண்டபங்களில் தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறை நாளைக் கழிக்கலாயின.

பாராளுமன்றத்திலும் மாற்றம் தொடர்ந்தது. 1958இல் ஆயுட்காலப் பிரபுப் பட்டம் ஏற்பட்டமையால், பிறப்பன்றித் தகுதியும் சபைக்கு வழியாயிற்று. பெண்களும் அங்கு அமர்ந்தனர். 1963இல் பட்டத்தைத் துறக்கும் உரிமை வந்தது. அவ்வாண்டே பிரதம மந்திரியான அலெக் டக்ளஸ் ஹியூம், மக்கள் சபையில் அமரும்பொருட்டுத் தம் பரம்பரைப் பட்டத்தைத் துறந்தார். 1999ஆம் ஆண்டுச் சட்டம் 600க்கு மேற்பட்ட பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றி, 92 பேருக்கு மட்டும் இடம் விட்டது. அவ்விடங்களையும் நீக்கும் சட்டமூலம் 2024இல் முன்வைக்கப்பட்டது.

எனினும், பிரபுத்துவம் மறைந்தொழிந்தது என்று முடிவுகட்டுதல் தவறாகும். வெஸ்ற்மின்ஸ்ரர் கோமகனின் குடும்பத்துக்கு இலண்டன் மாநகரின் மேபெயர், பெல்கிரேவியாப் பகுதிகளில் ஏறத்தாழ 300 ஏக்கர் உண்டு. 2016இல் ஆறாவது கோமகன் மறைந்தபோது, சொத்தின் பெரும்பகுதி நம்பிக்கைப் பொறுப்புகளில் இருந்தமையால், மரணவரி அனைவர்க்கும் ஒரே அளவாக விழுகின்றதா என்ற வினா நாடெங்கும் எழுந்தது. பிறப்பினால் ஆளலாமா என்ற வினாவுக்குப் பிரித்தானிய மக்கள் படிப்படியாக விடை கண்டுவிட்டனர். பிறப்பினால் இத்துணை நிலத்தை உடையராயிருக்கலாமா என்ற வினாவோ இன்னும் விடைக்குக் காத்திருக்கின்றது.