ஊமைப் படத்தில் ஒரு கச்சேரி

கச்சேரி என்பது காதால் கேட்பதற்கு உரியது. அதை ஓசையில்லாத படமாக எடுத்தால் என்ன பயன்? கோடை விடுமுறையில், இராஜபாளையத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுப் பரணில் மூன்று சிறு பிலிம் சுருள்களைக் கண்டபோது எங்களுக்கு இக்கேள்வி எழுந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த உறவினர் திருமணத்தில், பாட்டியின் அக்கா பாடியதை அவள் தாத்தா எடுத்தாராம். அக்கா இன்று இல்லை. அவர் குரல் பதிவான டேப்பும் தொலைந்துவிட்டது.

சினிமாப் பிலிமின் அகலம் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர். வீட்டில் படம் எடுப்போருக்காகக் கோடாக் நிறுவனம் 1923இல் 16 மில்லிமீட்டர் பிலிமையும், 1932இல் 8 மில்லிமீட்டர் பிலிமையும், 1965இல் சூப்பர் 8 பிலிமையும் வெளியிட்டது. எங்களுக்குக் கிடைத்தது சூப்பர் 8. ஒரு பெட்டியில் 50 அடி பிலிம். அடிக்கு 72 படங்கள். ஆக 3,600 படங்கள். விநாடிக்கு 18 படம் வீதம் ஓடினால் 3 நிமிடம் 20 விநாடியில் தீர்ந்துவிடும். இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு 36 பெட்டிகள் வேண்டும்! ஆகவே ஆலாபனையை எடுப்பதா, தனி ஆவர்த்தனத்தை எடுப்பதா என்று எடுப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

வெளிச்சம் மற்றொரு தொல்லை. பந்தல் விளக்கு அக்காலப் பிலிமுக்குப் போதாது; பெரிய விளக்கு வைத்தாலோ பாடுபவருக்குக் கண் கூசும். ஒலியைத் தனி டேப்பில் பதிந்தால், காமிராவும் டேப்பும் ஒரே வேகத்தில் ஓடாமல், சிறிது நேரத்தில் வாயசைவு ஒருபுறம், பாட்டு ஒருபுறம் என்றாகிவிடும். ஓரத்தில் காந்தப் பட்டை பூசிய, ஒலியும் பதியும் சூப்பர் 8 பிலிம் 1973இல்தான் வந்தது.

இத்தகைய படங்களுக்கு மதிப்பு உண்டா? 1938இல் ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சு இசையறிஞர் தென்னிந்தியக் கலைகளை ஓசையில்லாப் படங்களாக எடுத்து, ஒலியைத் தனியே பதிந்தார். 1984இல் அவருடைய மாணவர் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளுடன் தமிழகம், கேரளம், கர்நாடகம் சென்று, எது நிலைத்தது, எது மாறியது என்று ஆராய்ந்தனர்.

எங்கள் சுருள்களில் இரண்டு சுருங்கி, காடி நெடி அடித்தன. பிலிம் கெடத் தொடங்கியதன் அடையாளம் அது. ஓட்டினால் கிழியும் என்பதால் தொடவில்லை. மூன்றாவதை இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ஓட்டினோம். சுவரில் அக்கா தொடையில் தாளம் போட்டார், உதடுகள் அசைந்தன. பாட்டி அந்தக் கையையே உற்று நோக்கி, “ஆதி தாளம்” என்றார். பிறகு தாமும் தாளம் போட்டு, மெல்லப் பாடத் தொடங்கினார். படம் முடிந்தும் பாட்டு நிற்கவில்லை.

எங்கள் கேள்விக்கு விடை கிடைத்தது. அன்புத் தோழியரே, உங்கள் வீட்டுப் பரணையும் பாருங்கள். சுருள் இருந்தால் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். விவரம் தெரிந்தவரிடம் தந்து கணினியில் ஏற்றுங்கள். முக்கியமாக, அதைப் பார்த்துப் பாடத் தெரிந்தவர் நம்மோடு இருக்கும்போதே செய்யுங்கள்.