தீடைகளுக்குப் போகுமுன்

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி நோக்கி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளும் மணல்தொடர் இது. வரைபடங்களில் இராமர் அணை, ஆதாம் பாலம். இங்குள்ள மீனவருக்குத் தீடைகள்.

பல இடங்களில் கடல் ஓரிரு மீற்றர் ஆழந்தான். வள்ளத்தை விட்டு இறங்கி அடுத்த தீடைக்கு நடந்துவிடலாம் என்றே தோன்றும். நீரோட்டம் வலியது, ஓட்டி சொல்லாமல் இறங்க வேண்டாம். சோளகமும் வாடையும் மாறிமாறி மணலை இழுப்பதால் தீடைகளின் வடிவம் நிலையாக இருப்பதில்லை. கையிலுள்ள படத்தைவிட ஓட்டியின் கண்ணே நம்பகமானது.

மே முதல் செப்டெம்பர் வரை தீடைகள் ஆலாக்களுக்குரியவை. கூடு என்று எதுவும் கட்டாமல் வெறும் மணற்குழியில் முட்டையிடும். முட்டையும் மணல் நிறமே. மிதித்த பிறகுதான் தெரியும். நம்மைக் கண்டு தாய் எழுந்து பறந்தால், நிழலிழந்த முட்டையை வெயில் அவித்துவிடும். அந்த மாதங்களில் தூரத்தில் நின்று பார்ப்பதே முறை.

1974 ஒப்பந்தப்படி வரையப்பட்ட இலங்கை, இந்திய கடல் எல்லை இத்தொடரின் குறுக்கே செல்கிறது. அதற்கு மேற்கே வள்ளம் போகாது.

இலங்கைப் பக்கத் தீடைகள் 2015 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெற்ற பின்னரே புறப்படுங்கள்.