புற்றுக் காளானும் அதன் வகைப்பாடும்

மாரி மழை பெய்தபின் புற்றடி நிலத்திற் குடைவிரிக்கும் காளானைப் பெரியகல்லாறு முதலிய எழுவான்கரை ஊரவரும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையோரும் நன்கறிவர். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்து வாழும் இச்சாதிக்குத் 'தெர்மிற்றோமைசிசு' என்பது அறிவியற் பெயர். 'கறையான் பங்கசு' என்பது அதன் பொருள்.

கறையான் உலர்ந்த இலையையும் மரத்தையும் தின்று, அதன் கழிவாற் புற்றினுள்ளே கடற்பஞ்சு போன்ற மேடைகளை அமைக்கின்றது. அம்மேடைகளில் வளரும் பங்கசு, கறையானாற் செரிக்கவியலாத மரப்பொருளைச் சிதைத்து உணவாக்குகின்றது. ஆகவே, இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்வன. மேடையிலிருந்து வேர் போன்ற நீண்ட அடித்தண்டு மண்ணைத் துளைத்தெழுந்து வெளியே குடையாக விரிகின்றது.

இச்சாதியின் வரலாற்றில் இலங்கைக்குச் சிறப்பிடம் உண்டு. இங்கிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு, பேர்க்கிலி என்னும் ஆங்கில அறிஞர் 1847இல் ஓரினத்தை விவரித்து, 'அகாரிக்கசு' என்னும் பெருஞ்சாதியில் அடக்கினார். சிறுகுடையுடைய மற்றோரினத்தை 1871இல் அவரும் புறூமும் விவரித்தனர். பேராதனையிற் பணியாற்றிய பெற்ச், கறையான் புற்றுக்களின் பங்கசுக்களை ஆராய்ந்து 1906இல் கட்டுரை வெளியிட்டார். 1942இல் பிரெஞ்சு அறிஞர் எயிம் இவற்றைத் தனிச்சாதியாக வகுத்தார்.

எனினும், இச்சாதி எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவியது. வித்திகளின் இளஞ்சிவப்பு நிறத்தை முதன்மையாகக் கொண்டோர் ஒரு குடும்பத்திலும், ஏனைய உறுப்பமைப்பை நோக்கினோர் வேறொன்றிலும் வைத்தனர். சிறுகுடை இனத்துக்கு அடித்தண்டு இன்மையால் அதனைத் தனிச்சாதியாகப் பிரித்தோரும் உளர். மரபணு ஆய்வுகளோ, இச்சாதி 'லயோபிலேசியே' குடும்பத்தைச் சேர்ந்தது என்றும், சிறுகுடை இனமும் இதனுள்ளேயே அடங்கும் என்றும் நிறுவியுள்ளன. புறத்தோற்றம் ஒன்றே உறவுக்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

வகைப்பாடு வெறும் பெயரீடன்று. உண்போர் உயிரோடும் தொடர்புடையது. புற்றுக் காளான் சுவைமிக்க உணவாகும். ஆயின், வெப்பநாடுகளின் புற்றரைகளில் முளைக்கும் 'குளோரோபில்லம்' என்னும் நச்சுக்காளானும் இளமையில் வெண்குடையாகவே தோன்றும். உண்டவர்க்குச் சில மணிநேரத்திற் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும். முதிர்ந்ததும் அதன் குடையடி இதழ்கள் பச்சை நிறமடையும். காளானைக் கிள்ளியெடுப்போர் மண்ணுள் இருக்கும் அடித்தண்டைக் காணார். அகழ்ந்து நோக்குவோரே புற்றோடு அதற்குள்ள தொடர்பை அறிவர். ஐயம் எழுந்தவிடத்து உண்ணாது விடுதலே அறிவுடைமை.